பரிசு வாங்கிய காளையா, ஒன்பது ஈற்றுப் பசுவின் மகனா?

கேள்வி: தாராபுரம் வட்டத்தில் மானாவாரி விவசாயம் செய்கிறேன். ஏழு காங்கேயம் பசுக்களும் இரண்டு காளைகளும் இருக்கின்றன. நான்கு பல் போட்ட மயிலைக் காளை சென்ற தை மாதத்தில் நடந்த மாட்டு அழகுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அதிலிருந்து அக்கம்பக்கத்தார் பசுக்களைச் சேர்க்க ஓட்டி வருகிறார்கள். அதையே பூச்சிக்காளையாக, அதாவது இனவிருத்திக் காளையாக வைத்துக்கொண்டு, அதன் மகள்களையும் அதனோடு சேர்த்தால் அந்த உருவம் வம்சத்தில் நிலைத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் அப்பத்தாவுக்கு இதில் சம்மதமில்லை. அந்தக் காளையின் தாய் தன் கன்றுக்கே பால் போதாதவள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈன்றாள் என்கிறார். இன்னொரு காளை இரண்டு பல் போட்ட இளையது. எங்களிடம் ஒன்பது ஈற்று ஈன்று, பதினைந்து வயதைத் தொட்டும் மேய்ச்சலுக்குப் போய்வரும் பசுவின் மகன். திமில் சிறியது, நிறம் வெளுப்பு, கொம்பு சீராக இல்லை. காயடித்து விற்றுவிட நினைத்திருந்தேன். எதை வைத்துக்கொள்வது? பரிசுக் காளைக்கு நல்ல விலை கேட்கிறார்கள், கொடுக்கலாமா? இரண்டாவது காளைக்குப் பாடைச் சுழி என்ற ரோமச் சுழி இருப்பதாகவும் சொல்கிறார்கள். அது ஒரு குறையா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது காளையைக் காயடிக்க வேண்டாம். முதல் காளையை அதன் மகள்களோடு சேர்க்கவே வேண்டாம். விற்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அப்பத்தா சொன்ன இரண்டு செய்திகளும், அதாவது தாயின் பால் குறைவும் ஈற்று இடைவெளியும், உங்கள் கடிதத்தில் இருப்பவற்றிலேயே அதிக மதிப்புள்ள தகவல்கள். பரிசுச் சான்றிதழில் அவற்றுக்கு இடம் இல்லை.

அழகுப் போட்டியில் நடுவர் பார்ப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். திமிலின் உயரம், கழுத்தின் கனம், கொம்பின் வளைவு, முகத்தின் குறுக்கம், தலையிலும் கழுத்திலும் திமிலிலும் படியும் கருமை, தோலின் மினுமினுப்பு, நடையின் மிடுக்கு ஆகியவை அவை. இவற்றில் சில உண்மையிலேயே பயனுள்ளவை. கால் நேராக இருப்பதும், குளம்பு இறுக்கமாக இருப்பதும், முதுகு வளையாமல் இருப்பதும் சரளை நிலத்தில் நாள் முழுவதும் நடக்க வேண்டிய மாட்டுக்குத் தேவை. அவற்றை நடுவர் சரியாகவே கணிக்கிறார். ஆனால் எஞ்சியவற்றில் பெரும்பங்கு தீவனத்தையும் வயதையும் ஆண்மைச் சுரப்பையும் காட்டுகின்றனவே தவிர, கன்றுக்கு என்ன போய்ச் சேரும் என்பதைக் காட்டுவதில்லை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதையும், காளை வளர வளரக் கருப்பதையும், அதே காளையைக் காயடித்தால் சில மாதங்களில் வெளுத்துவிடுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கருமை பெருமளவுக்கு விதைப்பையின் வேலை. இரண்டு பல் போட்ட உங்கள் இளங்காளை நான்கு பல் போட்ட காளையை விட வெளுப்பாக இருப்பதைக் குறையாகச் சொல்வது, வளரும் பையனுக்கு மீசை இல்லையே என்று குறைப்படுவதைப் போன்றது.

போட்டிக்கு மூன்று மாதம் முன்பிருந்து ஊட்டப்படும் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, சிலர் கொடுக்கும் முட்டையும் பேரீச்சம்பழமும் சேர்ந்து எந்தக் காளையையும் ஒரு படி உயர்த்திக் காட்டிவிடும். அதில் பாவம் ஒன்றும் இல்லை. போட்டி என்றால் அலங்காரம் உண்டு. ஆனால் கொரங்காடு என்ற நம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் நெற்றையும் மட்டும் தின்று வளரும் பசுக்களுக்கு அந்தக் காளையின் மகள்கள்தான் வாரிசாக வரப்போகிறார்கள். அவர்களுக்கு யாரும் பேரீச்சம்பழம் ஊட்டப் போவதில்லை.

நான் இதை வெளியில் நின்று குறை சொல்பவனாக எழுதவில்லை. கால்நடை மருத்துவப் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு கண்காட்சியில் பசுக்கள் பிரிவுக்கு நடுவராக இருந்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிய ஒரு பசுவுக்கு முதல் பரிசு கொடுத்தேன். எலும்பு தெரியாத உடல், சுருங்காத மடி, தளராத வயிறு என்று எல்லாமே ஒழுங்காக இருந்தன. இரண்டு வாரம் கழித்து அதே பசுவை மருந்தகத்துக்கு ஓட்டி வந்தார்கள். மூன்று ஆண்டாகச் சினை பிடிக்கவில்லை என்றார்கள். கன்று சுமக்காமல், பால் கொடுக்காமல், தின்றதையெல்லாம் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்த பசு அது. அன்று அதே வரிசையின் கடைசியில், விலா தெரிய, இழுத்த மடியோடும் காலடியில் ஒரு கொழுத்த கன்றோடும் நின்ற பசுவுக்கு நான் ஆறுதல் பரிசுகூடக் கொடுக்கவில்லை.

எனக்கு நேர்ந்தது புதிய பிழையும் அல்ல. மாட்டுக் கண்காட்சி என்ற வழக்கம் வேரூன்றிய இங்கிலாந்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டப்பட்ட இரண்டு மாடுகள் பெரும் புகழ் பெற்றன. ஒன்று, 1801 முதல் 1807 வரை தனி வண்டியில் ஏற்றி நாடெங்கும் காட்டப்பட்ட 'டர்ஹாம் எருது'. மற்றொன்று, ஊர் சுற்றியதாலேயே 'பயணம் போன வெள்ளைக் கிடாரி' என்று பெயர் பெற்றது. ஷார்ட்ஹார்ன் இனத்தை உருவாக்கிய காலிங் சகோதரர்களின் மந்தையில் பிறந்தவை இரண்டும். அந்த இனத்தின் பெருமையைப் பரப்பியவையும் இவைதான். எருதோ காயடிக்கப்பட்டது. கிடாரியோ காளைக்கன்றுடன் இரட்டையாகப் பிறந்தது. அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்துக்கு ஒன்பது, கருவிலேயே இருவரின் இரத்தமும் கலப்பதால், மலடாகிவிடும். ஓர் இனத்தின் முகமாக நின்ற இரண்டு மாடுகளும் ஒரு கன்றைக்கூட அந்த இனத்துக்குத் தர இயலாதவை. ஓடியாடிக் கன்று போட்டுப் பால் கொடுத்திருந்தால் அத்தனை கொழுத்திருக்கவும் முடியாது.

மலட்டுத்தன்மை கண்ணுக்குத் தெரியாத குறை என்று நீங்கள் சொல்லலாம். கண்ணுக்கு நேராகத் தெரியும் மடியிலேயே கண்காட்சி எப்படி வழிதவறியது என்பதற்கு ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பசுக்கள் சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நடுவர்களுக்குப் பிடித்த மடி, வயிற்றோடு ஒட்டி, தட்டையாக, அடிப்பாகம் பலகை போல் சமமாக, நான்கு மூலையிலும் சிறுசிறு காம்புகளோடு இருக்க வேண்டும். பார்க்க மிக ஒழுங்கானதுதான். தலைமுறை தலைமுறையாக அதற்கே பரிசு கொடுத்ததில் காம்பு குட்டையாகிக்கொண்டே போய், கடைசியில் முழுக் கையால் பிடித்துக் கறக்க முடியாமல் இரண்டு விரலால் கிள்ளிக் கறக்கும் நிலை வந்தது. பால் விற்றுப் பிழைத்த பண்ணைக்காரர்கள் கண்காட்சி மந்தைகளிலிருந்து காளை வாங்கவே தயங்கினார்கள். 1903இல் அங்கே பசுவுக்குப் பசு பாலை நிறுத்துக் குறித்துவைக்கும் முறை தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. டென்மார்க்கில் வேயென் என்ற ஊர் விவசாயிகள் 1895இலேயே சங்கம் சேர்ந்து இந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். அயர்ஷயரைக் காப்பாற்றியது தராசும் நோட்டுப் புத்தகமும்தான். அதைக் கெடுத்தவர்களும் மாடு தெரியாதவர்கள் அல்லர், நாட்டிலேயே மாட்டை நன்கு அறிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்.

மகள்களோடு சேர்த்து உருவத்தை நிலைநிறுத்துவது என்ற யோசனைக்கு இப்போது வருகிறேன். இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதால்தான் இது ஆபத்தானது. நெருங்கிய உறவில் சேர்த்தால் வெளித்தோற்றம் சீராகும். அதே காலிங் சகோதரர்கள் இப்படிச் சேர்த்து உருவாக்கிய 'காமெட்' என்ற காளை 1810இல் ஆயிரம் கினிக்கு விலைபோனது. ஆனால் தந்தையோடு மகளைச் சேர்த்துப் பிறக்கும் கன்றில், ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே மரபணு இரண்டு பிரதிகளாக அமைவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மறைந்திருக்கும் கெட்ட மரபணுவுக்கும் இதே கணக்குத்தான். உருவத்தை நிலைநிறுத்தும் கயிறு, சினை பிடிக்காமையையும் கன்று நலிவையும் சேர்த்தே கட்டிவிடும். ஷார்ட்ஹார்னில் தாமஸ் பேட்ஸ் என்பவர் வளர்த்த 'டச்சஸ்' குடும்பத்துப் பசு ஒன்று 1873இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஏலத்தில் 40,600 டாலருக்குப் போனது. பால், இறைச்சி, கன்று என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் வராத விலை அது. குலப்பெயருக்காகக் கொடுத்தது. அந்தக் குடும்பம் ஏற்கெனவே நெருங்கிய சேர்க்கையால் சினை பிடிக்காமல் தேய்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒழிந்தே போனது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஏமாஸ் குருக்ஷாங்க் என்பவர் அதே ஷார்ட்ஹார்னைக் குலப்பெயர் பார்க்காமல், உடல் உறுதியும் எளிதில் சதைபிடிக்கும் குணமும் பார்த்து வளர்த்தார். 1859இல் அவர் மந்தையில் பிறந்து, 'சாம்பியன் ஆஃப் இங்கிலாந்து' என்று பெரிய பெயர் சூட்டப்பட்ட காளை கண்காட்சிக்குப் போய், பெயருக்கேற்ற இடம் எதுவும் பெறாமல் திரும்பியது. அதைக் கழித்துவிடும் யோசனைகூட இருந்தது. அதன் உடற்கட்டிலும் ரோமத்திலும் ஏதோ இருக்கிறது என்று நம்பி அவர் வைத்துக்கொண்டார். அதன் மகன்களும் மகள்களும்தான் பிற்காலத்து ஸ்காட்ச் ஷார்ட்ஹார்னுக்கு அடித்தளம் ஆனார்கள். உங்கள் இரண்டாவது காளையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காளைதான். எல்லா அழகற்ற காளையும் அப்படி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காளைக்கு ஒன்பது ஈற்றுத் தாய் இருக்கிறாள், அதனால்தான் சொல்கிறேன்.

போட்டி ரசனை நேரடியாகவே நோயைப் பரப்பிய கதையும் உண்டு. 1940களில் அமெரிக்காவின் ஹியர்ஃபோர்டு மாடுகளில் குட்டையான, அகன்ற, தரையோடு தரையாகப் படிந்த உருவத்துக்கே பரிசு. குள்ளத்தன்மையை உண்டாக்கும் ஒரு மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தால் மாடு சற்றே கட்டைகுட்டையாக, நடுவர் விரும்பிய வாகில் இருக்கும். இரண்டு பிரதி சேர்ந்தால் மூச்சிரைக்கும், வயிறு உப்பிய, பயனற்ற குள்ளக் கன்று பிறக்கும். ஆக, நடுவர்கள் அறியாமலேயே அந்த மரபணுவைச் சுமந்த மாடுகளைத் தேடித்தேடிப் பரிசு கொடுத்தார்கள். 1950களில் பல பண்ணைகளில் குள்ளக் கன்றுகள் விழத் தொடங்கின. அதற்குப் பிறகு அவர்கள் கற்ற பாடத்தை என்னவென்று சொல்வது! 1970களிலும் 80களிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, நெட்டையான, காலுயர்ந்த மாடுகளுக்குப் பரிசு கொடுத்து, புல்லை மட்டும் தின்று கட்டுப்படியாகாத அளவுக்குப் பசுக்களின் உருவத்தைப் பெரிதாக்கினார்கள். பிரேசிலில் நம் நாட்டுத் திமில் மாடுகளிலிருந்து உருவான இந்துபிரேசில் என்ற இனத்தில் ஒரு காலத்தில் காது நீளத்துக்கே மவுசு. நீண்டு தொங்கும் காதுகளோடு அது இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் மேய்ச்சல் நிலங்களை நிரப்பியிருப்பது நம் ஓங்கோலிலிருந்து வந்த நெலோர். அங்குள்ள கிர் மாடுகளிலும், தலையின் வடிவத்தையும் காதையும் பார்த்து வளர்த்தவர்கள் ஒரு பக்கம், பாலை அளந்து வளர்த்தவர்கள் ஒரு பக்கம் என்று இரு கூட்டம் இருந்தது. 1985 முதல் மகள்களின் பாலை அளந்து காளையைத் தேர்வுசெய்யும் திட்டம் அங்கே நடக்கிறது. குஜராத்திலிருந்து போன இனத்தின் விந்துக் குச்சிகளை நாம் பிரேசிலிடமிருந்து கேட்டு வாங்கும் நிலைக்கு வந்ததன் காரணம் அந்த அளவைதான்.

நம் காங்கேயத்துக்கும் ஒரு காலத்தில் தராசு இருந்தது. அது கிணற்று மேட்டில் இருந்தது. கவலை என்ற மாடு பூட்டிய இறைவையை ஓட்டி எழுபது, எண்பது அடி ஆழத்திலிருந்து தண்ணீர் இறைத்த நாளில், பின்வாங்கி ஏறி இறங்கி நாள் முழுவதும் இழுக்காத எருதை யாரும் இரண்டாவது பருவம் வைத்திருக்க மாட்டார்கள். அந்த எருதின் தாயையும் தகப்பனையும் ஊரே அறிந்திருந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தைக்குப் பெயர் வந்ததும், கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் காங்கேயத்துக்கு விலை நின்றதும் அந்த உழைப்பின் மேல்தான். மின்மோட்டார் வந்து கவலை நின்றது. டிராக்டர் வந்து ஏர் நின்றது. லாரி வந்து வண்டி நின்றது. வேலை போன பிறகும் மாடு இருக்கிறது. ஆனால் அதை எடைபோட எஞ்சியிருப்பது கண் மட்டுமே. ரேக்ளா ஓட்டம் ஓரளவுக்கு உழைப்பைச் சோதிக்கிறது என்றாலும், முந்நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நிமிட வேகம் தெரியுமே தவிர, பத்து ஆண்டு உடல்வலிமை தெரியாது. பசுவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

பசுவைப் பற்றி எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம். காங்கேயம் உழைப்புக்காக வளர்ந்த இனம். ஓர் ஈற்றில் சராசரியாக 500 முதல் 600 லிட்டர் வரைதான் பால் தரும். நாட்டுப் பாலுக்கு நகரத்தில் கிடைக்கும் விலையைக் கேட்டு, இதைப் பால் இனமாக மாற்றிவிடலாம் என்று சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. கன்று வயிறார ஊட்டியபின் வீட்டுக்கு ஒன்றிரண்டு லிட்டர் மிஞ்சுவது, ஆண்டுக்கொரு கன்று அல்லது பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று, நான்கு வயதுக்குள் தலையீற்று, பத்து ஈற்றுவரை பல்லும் காலும் மடியும் தாங்குவது, ஆள் கிட்டே போனால் முட்டாத குணம் ஆகிய இவையே நல்ல காங்கேயம் பசுவுக்கு நான் வைக்கும் அளவுகோல். உங்கள் ஒன்பது ஈற்றுப் பசு இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாண்டியிருக்கிறாள். பதினைந்து வயதில் ஒன்பது ஈற்று என்றால் இடைவெளி பெரிதாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை; கோடையில் தீவனம் சுருங்கிய ஆண்டுகளையும் அவள் தாங்கியிருக்கிறாள்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும்: உயரமும் உருவமும் தந்தை தாயைப் போலவே வருகின்றன, பாலும் சினைப்பிடிப்பும் அவ்வளவு சரியாக வருவதில்லையே, பிறகு எதற்கு அவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கேள்வி சரிதான். முழு வளர்ச்சி அடைந்த மாடுகளின் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரையால் வருகிறது. பாலில் கால் பங்கு அளவு. ஈற்று இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் உருவத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர் இரண்டே தலைமுறையில் பலனைக் கண்டு மகிழ்கிறார். பாலுக்காகத் தேர்ந்தெடுப்பவர் பொறுமையாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. எளிதில் மாறுவதையே மாற்றிக்கொண்டிருந்தால், கடினமானது கவனிப்பாரின்றித் தேய்ந்துகொண்டே போகும். இன்னொன்றும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத குணங்களைச் சம மதிப்புக் கொடுத்து ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தால், நான்கு குணங்களைப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் ஒன்றை மட்டும் பார்ப்பவருக்குக் கிடைப்பதில் பாதி. ஒன்பது குணங்களைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. திமில், கொம்பு, நிறம், முகம், வால், சுழி என்று பட்டியலை நீட்ட நீட்ட, பாலுக்கும் காலுக்கும் மிஞ்சுவது கொஞ்சமே. அழகைப் பார்ப்பதற்கு ஆகும் செலவு இதுதான்.

காளையிடம் பாலைக் கறந்து பார்க்க முடியாது. தாயைப் பார்க்கலாம், சகோதரிகளைப் பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக மகள்களைப் பார்க்கலாம். தாயின் ஓர் ஈற்றுக் கணக்கை வைத்துக் காளையைக் கணிப்பதைவிட, வெவ்வேறு பசுக்களுக்குப் பிறந்த ஐந்து மகள்களின் தலையீற்றுக் கணக்கை வைத்துக் கணிப்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு நம்பத்தக்கது. உங்கள் பரிசுக் காளைக்கு நான் இறுதித் தீர்ப்பு எழுதாமல் விடுவதும் இதனால்தான். தாயிடம் பால் குறைவு என்பது பலமான எச்சரிக்கை, ஆனால் முடிவல்ல. உங்கள் ஏழு பசுக்களில் பால் நன்றாக உள்ள இரண்டோடு மட்டும் அதைச் சேருங்கள். மற்ற ஐந்தை, அவற்றில் இளங்காளையின் தாயோ உடன்பிறந்தவர்களோ இல்லாதவரை, இளங்காளைக்கு விடுங்கள். அவர்கள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் அரசு மருந்தகத்தில் கிடைக்கும் காங்கேயம் உறைவிந்தைப் பயன்படுத்துங்கள்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு காளைகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, விதைப்பையின் சுற்றளவையும் விந்துத் தரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிக்காகக் கொழுக்க வைத்த காளையின் விதைப்பைக் கழுத்தில் கொழுப்பு சேரும். உடற்சூட்டைவிடச் சில பாகை குளிர்ந்திருக்க வேண்டிய விதை அதனால் சூடேறி விந்தணு கெடும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், தீவனத்தைக் குறைத்து நடக்க விட்டாலும் பலன் தெரிய அதே காலம் பிடிக்கும். அடர்தீவனம் மிகுந்தால் குளம்பின் உள்ளே அழற்சி கண்டு, பாதம் பிசகுவதும் உண்டு. காளையைக் கான்கிரீட் தரையில் அல்லாமல் சரளையில் நடக்க விட்டுப் பாருங்கள்.

ஊரார் பசுக்களை ஓட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். வரும் பசு கன்று வீசிய பசுவா, நஞ்சுக்கொடி தங்கிய பசுவா, திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் பசுவா என்று கேட்காமல் காளையை விட்டால், ஒரு பசுவின் நோயைக் காளை ஊர் முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். புருசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் அதன் அடையாளங்கள். இரண்டு காளைகளுக்கும் உங்கள் பசுக்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதிக்காத பசுவுக்குக் காளையை விடாதீர்கள். சேர்ப்புக்கு நீங்கள் வாங்கும் தொகை, காளை ஒருமுறை நோயில் விழுந்தால் ஆகும் இழப்புக்கு ஈடாகாது.

அடுத்து நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சேர்த்த தேதி, காளையின் பெயர், ஈன்ற தேதி, கன்று ஆணா பெண்ணா, உதவி இன்றி ஈன்றதா என்று எழுதுங்கள். பாலை அளப்பதில் காங்கேயத்தோடு ஒரு சிக்கல் உண்டு: கன்று ஊட்டாமல் பசு பாலை இறக்காது. ஆகவே கறந்த பாலை மட்டும் எழுதினால், கன்றுக்குத் தாராளமாக விடும் பசு குறைந்த பால்காரியாகத் தோன்றும். கறந்த பாலோடு கன்றின் வளர்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள். கன்றுக்கு மூன்று மாதம் நிறையும் நாளில், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 36, நீளம் 32 என்றால் 63 கிலோ வரும். ஐந்து கிலோ முன்பின் இருக்கலாம். ஆனால் ஒரே கையால், ஒரே நாடாவால், ஒரே வயதில் அளந்தால் பசுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். எந்தப் பசுவின் கன்று தொடர்ந்து கனமாக இருக்கிறதோ அவளுடைய மகனைத்தான் அடுத்த பூச்சிக்காளையாக நினைக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதும்போது அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் பசுக்களின் தாய், பாட்டி வரை அவர் நினைவில் இருப்பதையும் அதே நோட்டில் பதிந்துவிடுங்கள். அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

விற்பனையைப் பற்றிக் கேட்டீர்கள். என் கருத்தில், இரண்டு பசுக்களுக்கும் சினை பிடித்துவிட்டது என்று உறுதியானபின், கேட்பவர் நல்ல விலை தருவதாக இருந்தால் கொடுத்துவிடலாம். போட்டிக்காக வாங்குபவருக்கு அது பொருத்தமான காளை; அவரும் ஏமாறவில்லை, நீங்களும் ஏமாற்றவில்லை. ஆனால் இனவிருத்திக்கு என்று வாங்குபவரிடம் தாயின் ஈற்று இடைவெளியையும் பாலையும் மறைக்காதீர்கள். அதில் வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொரங்காட்டின் வேலிக்கும் புல் விதைக்கும் செலவிட்டால், ஏழு பசுக்களுக்கும் பயன்படும். உங்களை மீண்டும் போட்டிக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். போகும்போது அமைப்பாளர்களிடம், மூன்றுக்கு மேற்பட்ட ஈற்று ஈன்ற பசுவைக் கன்றோடு நிறுத்தும் ஒரு பிரிவையும் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிரிவில் உங்கள் ஒன்பது ஈற்றுப் பசுவை நிறுத்தினால் நானே வந்து பார்க்கிறேன்.

கடைசியாக, பாடைச் சுழி. ரோமம் எந்த இடத்தில் எப்படிச் சுழல்கிறது என்பதற்கும், மகளின் பால், கால், சினைப்பிடிப்பு எதற்கும் தொடர்பு இருப்பதாக என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆனால் சந்தையில் அதற்கு விலை குறையும். வாங்க வந்தவர் அதைத் தொட்டுக் காட்டித் தொகையைக் குறைப்பார். எனவே அந்தக் காளையை விற்பதானால் சுழி ஒரு குறைதான். வீட்டில் வைத்துப் பசுக்களுக்கு விடுவதானால் குறை இல்லை.